முப்பத்தொன்பது பட்டைகள்

"மழை பெய்ஞ்சுது. பஸ் வரலை. இதுல அம்பு எங்க போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"மழையிலேர்ந்து பஸ்ஸுக்கு. இதுக்குப் போய் ஒரு ஆபீஸா? அதுக்கு ரெண்டு ஃபேன் வேறயா?"

"தப்பு. அம்பே கிடையாது."

"ஏன்? மழை பெய்ஞ்சதாலதானே பஸ் வரலை?"

"அது நீங்க சொல்றது. அந்தம்மா மழை பெய்ஞ்சுதுன்னாங்க, பஸ் வரலைன்னாங்க. 'அதனால'ன்னு சொல்லவே இல்லையே. டிரைவர் தூங்கிப் போயிருக்கலாம், டயர் பஞ்சராகியிருக்கலாம். அவங்க வாயால சொன்னாத்தான் அம்பு."

"அப்போ நீ இந்த வீட்டுக்கு வந்தே, என் தலைமுடி கொட்டிப்போச்சு. இதுக்கும் அம்பு கிடையாதா?"

"நடுவுல 'அதனால'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிப் பாருங்க. அப்புறம் சாயங்காலம் டீ வருதா இல்லையான்னு பார்க்கலாம்."

எட்டு வருஷத்துக்கு முன்னால், அவள் அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. அவள் கணவர் அன்று சமையலறை வாசலில் உட்கார்ந்து, பழுதுக்கு வந்த கடைத் தராசு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவர் தொழில். தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். வீட்டிலும் அந்தப் பெயர் பொருந்தியது. மனைவிக்கும் தங்கைக்கும் சண்டை வந்தால் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கிற மனுஷர்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் அவள் அலுவலகம். ஒரு திட்டத்தாலோ ஒரு புது விதியாலோ ஜனங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அங்கே வருவார்கள். அலுவலகத்து ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், திட்டத்தின் பெயரையே எடுக்காமல், "போன வருஷத்துல என்ன மாறிச்சு? அது எதனால?" என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். அவள் அதை ஹெட்போன் மாட்டிக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்வாள். பிறகு அவர்கள் வரிவரியாகப் படித்து, எது எதனால் என்று சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இரண்டு கட்டம் போட்டு நடுவில் ஒரு அம்பு வரைவார்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் சொன்னால் அம்பு தடிக்கும். கடைசியில் சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் தயாராகிவிடும்.

அவள் அம்பு போடுகிறவள் இல்லை. அவள் வேலை காதும் விரலும். காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். எட்டு வருஷத்தில் அந்த மிதியின் ரப்பர் இரண்டு முறை தேய்ந்து மாற்றப்பட்டுவிட்டது.

ஆனால் வாயை மட்டும் அவளால் அடக்க முடிந்ததில்லை. பதிவில் யாரோ ஒரு பெண், "அப்புறம் நான் அந்தப் பக்கமே போறதில்லை" என்பாள். கேட்க வேண்டியவர் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். இவள் இங்கே நாற்காலியில் இருந்தபடி, "ஏன்னு கேளு தம்பி! ஏன் போறதில்லைன்னு கேளேன்!" என்று உரக்கச் சொல்வாள். காதில் மாட்டியிருப்பதால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாது. அலுவலகமே சிரிக்கும்.

கேள்வி கேட்கத் தன்னை அனுப்ப வேண்டும் என்ற ஆசை அவளுக்கு முதல் வருஷத்திலேயே வந்துவிட்டது. பட்டம் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் தட்டச்சுக்கு வந்தாள். ஒவ்வொரு ஆய்வு தொடங்கும்போதும், அலுவலகத்தை நடத்தும் மேடத்தின் அறை வாசல்வரை போவாள். "என்னம்மா?" என்றால், "பேப்பர் தீர்ந்துடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"எட்டு வருஷமா அந்த ஆபீஸ்ல பேப்பர் தீர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு நாள் மேடம் உன்னைத் திருடின்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பார் தராசுக்காரர்.

எட்டாவது வருஷம் சலவை ஆலையின் ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரிகளின், ஓட்டல்களின் துணி மொத்தமும் வெளுக்கிற பெரிய ஆலை. வேலையில் பெரும்பாலும் பெண்கள். வருஷத்துக்கு வருஷம் பெண்கள் வேலையை விட்டுப் போகிறார்கள், காரணம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றது நிர்வாகம். வேலையில் இருக்கிறவர்கள், விட்டுப் போனவர்கள் என்று நாற்பது பேரைப் பேட்டி எடுத்தார்கள்.

அந்த ஆலையில்தான் அவளுடைய நாத்தனார் வேலை செய்தாள். தராசுக்காரருக்கு ஒரே தங்கை. புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, ஒரு வயதுக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். முதலில் அழுக்குத் துணி பிரித்தாள், பிறகு மடித்தாள். இப்போது படுக்கை விரிப்பை ஈரமாக வாங்கி மொடமொடவென்று தேய்த்து வெளியே தள்ளும் உருளை இயந்திரத்தையே ஓட்டுகிறாள். ஆலையில் அதை ஓட்டும் முதல் பெண். மூன்று வயதான அந்தப் பொடிசை ஆலையின் குழந்தைகள் அறையில் விட்டுவிட்டுத்தான் இயந்திரத்துக்குப் போவாள். வீட்டில் பகலில் ஆள் கிடையாது. அறை இல்லையென்றால் இயந்திரமும் இல்லை.

பதினேழாவது பேட்டியைக் காதில் மாட்டிய இரண்டாவது நொடியில், "நான் என்ன சொன்னாலும் எங்க சூப்பர்வைசர் காதுக்குப் போகாதே?" என்று நாத்தனாரின் குரல் கேட்டது. அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். நேராகக் கண்ணாடித் தம்பியிடம் போனாள். முப்பது வயசு, மூக்குக்கண்ணாடி, படிப்பெல்லாம் முதல் வகுப்பு. இந்த ஆய்வுக்குப் பொறுப்பு அவன்.

"இது எங்க வீட்டு ஆளு தம்பி. நான் கேக்கக் கூடாது. நீங்களே அடிச்சுக்கோங்க."

அவன் இரண்டு விரலால் மூன்று நாள் அடித்தான். "அக்கா, உங்க நாத்தனார் மூச்சு விடாமப் பேசுறாங்களே!" என்று நடுநடுவே புலம்பினான். "அதைக்கூட என்கிட்ட சொல்லக் கூடாது தம்பி" என்றாள் அவள்.

மற்ற முப்பத்தொன்பதையும் அவள்தான் அடித்தாள்.

புழுக்கமான ஒரு சாயங்காலம். கொடியில் துணி இரண்டு நாளாகக் காயவில்லை. நாத்தனார் உள்ளே வந்து குழந்தையை இறக்கிவிட்டு, செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறினாள்.

"நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ஆராய்ச்சி அறிக்கை வந்ததும் குழந்தைங்க ரூமை மூடுறதைப் பத்தி முடிவு பண்ணுவாங்களாம். யார் ஆராய்ச்சி? எங்க அண்ணியோட ஆராய்ச்சி!"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. மறுபடி நறுக்கினாள்.

"சொல்லுங்க அண்ணி. ரூமை மூடப் போறாங்களா?"

"எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதா? நாற்பது பேர் பேசினதும் உங்க காதுலதானே விழுந்துது?"

"காதுல விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. அதான் வேலை."

"நல்ல வேலை! ஊரான் வீட்டுக் கதையெல்லாம் கேப்பீங்க, சொந்த வீட்ல தீப்பிடிச்சா வாயை மூடிக்குவீங்க. ரூமை மூடிட்டா நான் இவளை எங்க விட? மெஷின் மேல உட்கார வைக்கவா?"

தராசுக்காரர் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, "எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?" என்றார்.

"அம்பு வரையிறதே இவங்க ஆபீஸ்தானே அண்ணா!"

அவர் முட்டையை அடிக்கத் தொடங்கினார். பொடிசு மட்டும் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வெங்காயம் அழுவுது" என்றது. அன்று ரொட்டியையும் முட்டையையும் நான்கு பேரும் சீக்கிரமே சாப்பிட்டு முடித்தார்கள். நாத்தனார் தட்டைக் கழுவி வைத்த சத்தமே ஒரு பேச்சாக இருந்தது.

மறுநாள் அலுவலகச் சுவரில் வரைபடம் ஏறியிருந்தது. நாலு நாளில் ஆலை மேனேஜர் வருகிறார். கண்ணாடித் தம்பி பின்னுக்கு நகர்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் தடியாக, வாய்க்கால் மாதிரி ஒரு பாதை. 'குழந்தைகள் அறை'யிலிருந்து 'காய்ச்சலு'க்கு ஒன்பது பேர். 'காய்ச்சலி'லிருந்து 'லீவு'க்கு இருபத்தொரு பேர். 'லீவி'லிருந்து 'வேலையை விட்டது'க்குப் பன்னிரண்டு பேர்.

"கண்ணு போற பாதை அக்கா. அறையினால காய்ச்சல், காய்ச்சலால லீவு, லீவால வேலை போகுது. பாவம், நல்லதுக்குன்னு ஆரம்பிச்ச அறை."

அவள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். வேலை ஓடவில்லை. அவளுக்கு அம்பைப் பார்த்தால் கட்டம் தெரியாது, குரல்தான் கேட்கும். முதல் அம்பைப் பார்த்தாள். இருமலுக்கு நடுவே சிரிக்கிறவள், ஒவ்வொரு வரிக்கும் 'கேளுங்க, கேளுங்க' என்கிறவள், பின்னால் இயந்திரம் இரைய இரையப் பேசினவள். எல்லாரும் இன்றும் வேலையில் இருப்பவர்கள். மூன்றாவது அம்பைப் பார்த்தாள். வேறு குரல்கள். குக்கர் சத்தத்தோடு, தெருச் சத்தத்தோடு, வீட்டிலிருந்து பேசினவர்கள். அங்கே இருந்த ஒரு குரல்கூட இங்கே இல்லை.

மனசு சொல்வதை நம்பக் கூடாது என்று நினைத்தாள். நாத்தனாருக்காக மனசு பொய் சொல்லலாம்.

அடுத்த மூன்று நாளும் டயர் கடை திறப்பதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போனாள். பழைய தாள்களை நீளவாக்கில் வெட்டினாள். ஆளுக்கு ஒரு பட்டை. பட்டையின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். அந்தப் பேட்டியை எடுத்து மறுபடி வரிவரியாகப் படித்து, அந்த ஒருத்தி சொன்ன அம்புகளை மட்டும் அந்தப் பட்டையில் எழுதினாள். அடுத்தவள் சொன்னதை இவள் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தொன்பது பட்டைகளையும் தரையில் வரிசையாகப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கக் குனிந்து பார்த்தாள்.

எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

நாலாம் நாள் காலை கண்ணாடித் தம்பி வந்ததும், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க தம்பி, தரையெல்லாம் ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

"என்னக்கா இது?"

"நம்ம நாற்பது பேர். ஒருத்தர் குறைய. இதுல ரூமால காய்ச்சல், காய்ச்சலால லீவு, லீவால வேலையை விட்டேன்னு மூணையும் சொன்ன ஆள் ஒருத்தரைக் காட்டுங்க."

அவன் குனிந்தான். கண்ணாடி நழுவியது. ஒரு பட்டை, இன்னொரு பட்டை.

"இருக்கணுமே அக்கா. பாதை இவ்வளவு தடியா இருக்கே."

"ஒருத்தங்க இங்கேர்ந்து அங்க நடந்தாங்க. இன்னொருத்தங்க அங்கேர்ந்து மேல நடந்தாங்க. நீங்க ரெண்டு பேர் நடையையும் ஒட்டி ஒரே பயணமா ஆக்கிட்டீங்க. இந்த வழியில முழுக்க நடந்தவங்க யாரும் இல்லை தம்பி."

"கம்ப்யூட்டர் போட்ட பாதை அக்கா இது."

"கம்ப்யூட்டரையே கேளுங்க. ஒரே ஆள் சொன்னதை மட்டும் காட்டுன்னு கேளுங்க."

அவனுக்கு முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கணினியைத் திறந்து எதையோ தட்டினான். திரையில் இருந்த அம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே வெறும் வெள்ளை. அவன் மறுபடி தட்டினான். மறுபடியும் வெள்ளை.

"அய்யோ, அக்கா!" என்றான். உடனே நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பில்லாத காலோடு, மேடம் வந்துவிட்டார்களா என்று பார்க்க மாடிப்படிக்கு ஓடினான். அவன் நல்லவன். அவன் ஓடியதை அவள் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

மேடம் ஐம்பத்தைந்து வயதுக்காரி, நறுக்கென்று பேசுவாள். பட்டைகளைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"உங்க நாத்தனார் அங்க வேலை செய்யிறாங்க, இல்லையா?"

"ஆமாம் மேடம். அதனாலதான் பதினேழை நான் தொடலை. தரையிலயும் அது இல்லை."

"பதினேழை நான் அடிச்சேன் மேடம். அதைச் சேர்த்தாலும் பாதை இல்லை" என்றான் கண்ணாடித் தம்பி.

"அப்போ விட்டுப் போன பன்னிரண்டு பேர்?"

அவள் அந்தப் பன்னிரண்டு பட்டைகளையும் தனியே நகர்த்தினாள். "இதுல நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தது அவங்களுக்கேதான். நீராவியில நின்னுட்டு ஈரத்தோட வெளிய போறதால. மீதி எட்டுப் பேர் வீட்ல குழந்தைக்குக் காய்ச்சல். ஆனா அந்த எட்டுக் குழந்தையில ஒண்ணுகூட அந்த ரூமுக்குப் போனதில்லை. இடம் கேட்டாங்க, கிடைக்கலை."

மேடம் குனிந்து அந்தப் பன்னிரண்டையும் படித்தாள். பிறகு, "மேனேஜர் பதினோரு மணிக்கு வர்றார். பட்டையை எடுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மேனேஜர் வந்தார். சுவரைப் பார்க்க வந்தவரைத் தரையைப் பார்க்கச் சொன்னார்கள். அவள் முதல் இரண்டு வாக்கியங்களை முழுங்கினாள். மூன்றாவதில் இருமிக்கொண்டே சிரித்தவளின் குரல் காதுக்குள் கேட்டது. அதற்குப் பிறகு தடுமாறவில்லை.

"அப்போ ரூம்ல காய்ச்சலே வரலைங்கிறீங்களா?" என்றார் மேனேஜர்.

"வந்துது சார். ஒன்பது பேர் சொன்னாங்க, அதை மறைக்க மாட்டோம். ரூம் துணி காயவைக்கிற மெஷினுக்குப் பக்கத்துச் சுவர். உள்ளே வேக்காடு, வாசல்ல குளிர்காத்து. அதைச் சரி பண்ணணும். ஆனா அந்த ஒன்பது பேரும் ரெண்டு நாள் லீவு போட்டாலும் திரும்பி வந்தாங்க. ஏன்னா குழந்தையை விட ஒரு இடம் இருந்துது. இடம் இல்லாதவங்கதான் திரும்பி வரலை."

"அதை யார் சொன்னது? நீங்களா?"

"இல்லை சார். எட்டுப் பேர். அவங்க வார்த்தையிலேயே எழுதியிருக்கு, படிங்க."

மேனேஜர் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எட்டுப் பட்டைகளையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு அசைந்தது. ஒரு பட்டையை இரண்டு தடவை படித்தார்.

"என் மேஜையில இடம் கேட்டு இருபத்திரண்டு விண்ணப்பம் கிடக்கு" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "நான் அதை எல்லாம் தொல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

கண்ணாடித் தம்பி அவளைப் பார்த்து, மேஜைக்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்தாள். இடுப்பில் இருந்த பொடிசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"அண்ணா! ரூமை மூடலை! மாடியில ஜன்னல் வச்ச பழைய ஸ்டோருக்கு மாத்துறாங்க. இருபத்திரண்டு குழந்தை கூடுதலா எடுக்கிறாங்க. போனவங்களுக்கெல்லாம் திரும்பி வாங்கன்னு ஆள் அனுப்புறாங்க!"

தராசுக்காரர் கையில் இருந்த திருப்புளியோடு எழுந்து நின்று, குழந்தையை வாங்கிக் கூரைக்குத் தூக்கினார். பக்கத்து வீட்டுக் கதவுகூடத் திறந்தது.

"அப்படியா?" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியாவா? மேனேஜரே மெஷின் பக்கம் வந்து சொன்னார் அண்ணி. ஆராய்ச்சி ஆபீஸ்ல ஒரு அம்மா தரை முழுக்கப் பேப்பரைப் பரப்பி, என்னைத் தரையில உட்கார வச்சுட்டாங்கன்னார். யாரந்த அம்மா?"

"எங்க ஆபீஸ்ல நிறைய பேர் இருக்காங்க."

"அஞ்சு பேர். அதுல நாலு ஆம்பளை, ஒரு மேடம். உங்களோட ஆறு."

அவள் தேநீரை வடிகட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பின்னாலிருந்து வந்து, இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்தாள். கையில் சலவைச் சோப்பின் வாசனை.

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணி. நானும் கேக்கலை. அன்னைக்குப் பேசினதுக்கு மட்டும் ரெண்டு அடி போட்டுடுங்க."

"தள்ளுடி, டீ கொட்டுது" என்றாள் அவள்.

பிறகு பாத்திரங்களைத் துடைத்து அடுக்கும்போது தராசுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேப்பர் இருக்கா ஆபீஸ்ல?"

"இருக்கு. ரெண்டு கட்டு முழுசா இருக்கு."

"அப்போ நாளைக்கு மேடம் ரூம் வாசலுக்குப் போனா என்ன சொல்லுவே?"

அவள் துணியை உதறி மடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக எந்தப் பக்கமும் சாயாத மனுஷர், இன்று வெளிப்படையாகவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்.

காலையில் மேடம் திருத்திய அறிக்கையை நீட்டினாள். "சனிக்கிழமைக்குள்ள சுத்தமா அடிச்சுடுங்க. அடுத்த வாரம் துறைமுகத் தொழிலாளர் ஆய்வு ஆரம்பம். பதிவு நிறைய வரும், ஹெட்போன் புதுசா வாங்கிக்கோங்க. வேறென்ன?"

அவள் அறிக்கையை வாங்கிக்கொண்டாள். திரும்பவில்லை. வெளியே டயர் கடையில் எவனோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடித் தம்பியின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மேடம், இந்த அறிக்கையை சனிக்கிழமை முடிச்சுக் கொடுத்துடறேன். ஆனா புது ஹெட்போன் எனக்கு வேண்டாம். எட்டு வருஷமா மத்தவங்க கேக்காம விட்ட கேள்வியை நாற்காலியில உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கேன். துறைமுகத்துக்கு என்னை அனுப்புங்க. கேள்வி நான் கேக்கறேன்."